குறைந்த ஆற்றலில் நரம்பைத் தூண்டும் துடிப்பு: தேடும்போது சறுக்கும் இடங்கள்

நரம்பைத் தூண்டும் மின்துடிப்பைத் தேடும்போது, எந்த ஆற்றலைக் குறைக்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமலேயே பலர் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் உறுத்துகிற தவறு இதுதான், ஏனென்றால் இங்கே பிசகினால் விடையே தலைகீழாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். எவ்வளவு நீளமான துடிப்பு கொடுத்தாலும் நரம்பைச் சுட வைக்க, அதாவது சமிக்ஞை அனுப்ப வைக்க, தேவைப்படும் குறைந்தபட்ச மின்னோட்டம் ரியோபேஸ். அது 1 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அதைப் போல இரு மடங்கு கொடுத்தால் போதுமான நேரம் குரோனாக்ஸி; அது 200 மைக்ரோவினாடி. மின்தடை 1 கிலோஓம். ஜார்ஜ் வைஸ் 1901-இல் தந்த விதிப்படி (மின்னோட்டம் = ரியோபேஸ் × (1 + குரோனாக்ஸி ÷ துடிப்பின் நீளம்)) 200 மைக்ரோவினாடித் துடிப்புக்கு 2 மில்லிஆம்பியர் வேண்டும், திசுவில் செலவு 0.8 மைக்ரோஜூல். 50 மைக்ரோவினாடிக்கு 5 மில்லிஆம்பியர், செலவு 1.25 மைக்ரோஜூல். சரி, 200 தான் சிக்கனம் என்று தோன்றும். ஆனால் கருவி நிலையான 10 வோல்ட்டிலிருந்து மின்னோட்டத்தைத் தருகிறது என்றால், பேட்டரி இழப்பது அந்த மின்னழுத்தத்தை மின்னூட்டத்தால் பெருக்கிய அளவு: முதலாவதற்கு 4, இரண்டாவதற்கு 2.5 மைக்ரோஜூல். உடலுக்குள் வைக்கும் கருவியில் பேட்டரி தீர்ந்தால் மறுபடி அறுவை சிகிச்சை, அதனால் நான் எப்போதும் பேட்டரி பக்கக் கணக்கையே முதலில் கேட்பேன்.

அடுத்தது அலையின் வடிவம். நரம்பின் சவ்வை வெறும் கசியும் மின்தேக்கியாக வைத்துக்கொண்டால் அடுக்குக்குறி வேகத்தில் ஏறும் அலையே சிறந்தது என்று கணக்கு அழகாக வந்துவிடும், அதோடு நிறுத்திவிடாதீர்கள், உண்மையான சவ்வில் சோடியத்தை உள்ளே விட்டு நரம்பைச் சுட வைக்கும் வாயில்கள் இருக்கின்றன, மெதுவாக ஏற்றினால் சுடுவதற்கு முன்பே அவை மூடத் தொடங்கிவிடும். ஆய்வாளர்கள் வோங்சார்ன்பிகூனும் கிரிலும் 2010-இல் மரபணு வழிமுறையை (நல்ல விடைகளைக் கலந்து கலந்து மேம்படுத்தும் கணினித் தேடல் முறையை) கொண்டு தேடியபோது கிடைத்தது, ஓரங்கள் வெட்டப்பட்ட மணி போன்ற வடிவம். நரம்பு சுடுவதைக் கணக்கிடும் ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி மாதிரியை எடுத்தால் வெப்பநிலையையும் பாருங்கள்; அது கணவாய் மீனின் நரம்புக்கு 6.3 டிகிரி செல்சியஸில் எழுதப்பட்டது.

தேடலைச் செவ்வகத் துடிப்பு ஒன்றிலிருந்து மட்டும் தொடங்கினால் பக்கத்துப் பள்ளத்திலேயே, அதாவது அருகில் மட்டும் சிறந்ததாக இருக்கும் விடையிலேயே, மாட்டிக்கொள்ளலாம், பல இடங்களிலிருந்து தொடங்குங்கள்.

அப்புறம், எதிர்த்துடிப்பு. மின்முனையும் திசுவும் கெடாமலிருக்க, செலுத்திய மின்னூட்டத்தைத் திரும்ப எடுத்தாக வேண்டும். அதற்கான செலவைச் சேர்க்காத ஒப்பீடு எதற்கும் உதவாது. எதிர்த்துடிப்பை உடனே கொடுத்தால் சுடத் தொடங்கிய நரம்பையே அமுக்கிவிடும், நடுவில் 100 மைக்ரோவினாடி போல இடைவெளி விட்டுப் பாருங்கள், தேவைப்படும் மின்னோட்டம் குறையும்.