பழைய ஸ்தூபியை இடிக்காமல் காப்பது எப்படி

கைவிடப்பட்ட ஒரு நினைவுச் சின்னத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்கி வருவது பெயின்ட் டப்பா. அதை ஓரமாக வையுங்கள். முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும்.

நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டு, ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களிலும் பழைய கான்கிரீட் கட்டடங்களிலும் ரிப்பேர் வேலை எடுத்துச் செய்பவன். மலையடிவாரத்துத் தொழிற்சங்கத் தோழர்கள் சிலர் சமீபத்தில் ஒரு தியாகிகள் ஸ்தூபியைக் காட்டி, "அண்ணே, இடிச்சுட்டு கிரானைட்ல புதுசா எழுப்பிடலாமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், பெயர் பொறித்த ஒரு பலகையைப் பெயர்த்துப் போட எனக்கு மனம் வராது. இந்தக் குறிப்பை அவர்களுக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன்.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது பல்கேரியாவின் புஸ்லுட்ஜா. கிட்டத்தட்ட ஏற்காட்டின் உயரத்தில், ஒரு மலை உச்சியில், கியோர்கி ஸ்டொய்லோவ் வடிவமைத்து 1981-இல் திறக்கப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சியின் நினைவு மாளிகை அது. பெரிய வட்டக் கூடம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் பதித்த கோபுரம், 900 சதுர மீட்டருக்கு மேல் மொசைக் ஓவியம். 1989-இல் ஆட்சி போனதும் கவனிப்பாரில்லை. கூரையின் செம்புத் தகட்டைத் திருடிக்கொண்டு போனார்கள். மழையும் பனியும் உள்ளே இறங்கின. சுவரில் இருந்த மார்க்ஸுக்கோ லெனினுக்கோ அந்தத் தண்ணீர் எந்த வித்தியாசமும் பார்க்கவில்லை. டோரா இவானோவா என்ற இளம் கட்டடக் கலைஞர் அதைக் காக்க ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2019-இல் அமெரிக்காவின் கெட்டி (Getty) அறக்கட்டளை உதவித்தொகை கொடுத்தது. அந்தப் பணத்தில் பளபளவென்று புதுப்பிக்க அவர்கள் இறங்கவில்லை. எது எவ்வளவு கெட்டிருக்கிறது, எதை முதலில் தொடுவது என்று ஒரு பாதுகாப்புத் திட்டம் தயாரித்தார்கள். நம் ஊர் பத்தடி ஸ்தூபிக்கும் இதே வரிசைதான்.

எதையும் தொடுவதற்கு முன்னால் படம் எடுங்கள். கைபேசி போதும். ஒரு படத்தில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் விழும்படி சுற்றிச் சுற்றி எடுத்தால், பின்னால் கணினியில் முப்பரிமாண உருவமாகக் கோத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முகத்திலும் ஓர் அளவுகோலைச் சாய்த்து வையுங்கள். எழுத்துகளை மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள், மங்கிய பெயர்களும் தெரியும்.

அப்புறம் மேலே ஏறிப் பாருங்கள். ஸ்தூபியின் தலையில்தான் வியாதி ஆரம்பிக்கும். தண்ணீர் தேங்கும் குழி, அடைபட்ட வடிகால், வெடிப்பில் முளைத்த அரசங்கன்று. கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள். வேரோடு பூச்சும் பெயர்ந்து வரும். அடியோடு அறுத்துவிட்டு, வெட்டு வாயில் மருந்து தடவி, வேர் பட்டுப்போன பிறகு வெடிப்பை அடையுங்கள். பல்கேரியாவில் வெடிப்புக்குள் போன தண்ணீர் உறைந்து, விரிந்து பிளக்கிறது. நமக்கு உறைபனித் தொல்லை இல்லை. மலையில் மூடுபனி ஈரம், அடிவாரத்தில் சித்திரை வெயில், மாறி மாறி வேலை செய்கின்றன.

வெடிப்பு இன்னும் நகர்கிறதா என்று தெரிய வேண்டுமா? அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். கண்ணாடி உடைந்தால் பிரச்சினை அஸ்திவாரத்தில் இருக்கலாம். அப்போது பொறியாளரைக் கூப்பிடாமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

கான்கிரீட்டைச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். 'பொத்' என்று கேட்கும் இடத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்து, பருத்து, மேல்பூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கும். புதிதாக உடைந்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், நல்ல கான்கிரீட் ஊதாச் சிவப்பாக மாறும். நிறம் மாறாத ஆழம் வரைக்கும் காரத்தன்மை போய்விட்டது, கம்பிக்குக் காவல் இல்லை என்று அர்த்தம். பழைய கான்கிரீட்டை மூடி மேலே கிரானைட் பலகை ஒட்டுவதும் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். பலகைக்குப் பின்னால் ஈரம் அடைபடும், துரு கண்ணுக்குத் தெரியாமல் ஓடும். நான்கைந்து வருடம் அழகாக இருக்கும், அப்புறம் பலகையோடு சேர்ந்து விழும்.

மொசைக் இருந்தால் விளிம்பைப் பாருங்கள். ஒரு சில்லு விழுந்தால் பக்கத்துச் சில்லுக்குப் பிடிமானம் போய்விடும். புஸ்லுட்ஜாவிலும் அவசர வேலையாக, விழும் நிலையில் இருந்த மொசைக்கைத்தான் முதலில் நிலைப்படுத்தினார்கள். நீற்றிய சுண்ணாம்பும் சலித்த மணலும் கலந்த கலவையை விளிம்பு முழுக்கச் சரிவாகக் கட்டுங்கள். சுண்ணாம்புக் கல்லுக்குச் சங்ககிரிப் பக்கமே போதும், தூரம் போக வேண்டியதில்லை. சிமென்டை நான் தவிர்ப்பேன், பின்னால் எடுக்க நேர்ந்தால் சில்லையும் சேர்த்து உடைத்துத்தான் எடுக்க முடியும். விழுந்து கிடக்கும் சில்லுகளைப் பொறுக்கி, எந்த இடம் என்று எழுதிப் பைகளில் போடுங்கள்.

அழிக்கப்பட்டதை என்ன செய்வது? புஸ்லுட்ஜாவின் மொசைக்கில், 1989 வரை பல்கேரியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் தோடர் ஷிவ்கோவின் முகத்தைக் கொத்தி எடுத்துவிட்டார்கள். வாசலுக்கு மேலே 'உன் கடந்த காலத்தை மற' என்று யாரோ சிவப்பில் எழுதியிருந்தார்கள். அந்த வெற்று முகத்தை நிரப்பக் கூடாது என்பது என் கருத்து. நம் ஸ்தூபியில் யாரோ சுரண்டிய அரிவாள் சுத்தியலையும் அப்படியே விடுங்கள். கோபப்பட்டவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான், அவர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். ஸ்தூபி எழுப்பிய நாளில் கல் சுமந்த பெரியவர்கள் இருந்தால் அவர்கள் குரலை உடனே பதிவு செய்யுங்கள், அதைத் தள்ளிப்போட முடியாது.

காகித வேலையைக் கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்குங்கள். புல எண் எது, பட்டாவா புறம்போக்கா என்று அ-பதிவேட்டில் தெரியும். 1958-ஆம் வருட மத்தியச் சட்டப்படி தொல்லியல் சின்னமாக அறிவிக்க 100 வயதாவது ஆகியிருக்க வேண்டும், அதனால் அந்தக் கதவு இப்போதைக்குத் திறக்காது. ஊராட்சியில் ஒரு தீர்மானம் போட்டுப் பராமரிப்புப் பொறுப்பை எழுத்தில் வாங்குங்கள்.

வைகாசியில் ஒருமுறை, ஐப்பசி மழை விட்டதும் ஒருமுறை மேலே ஏறி வடிகாலைக் கிளறிவிட வேண்டும். ஏணி யார் வீட்டில் இருக்கிறது, யார் ஏறுவது என்று இரண்டு பேர் பெயரையாவது தீர்மான நோட்டிலேயே எழுதி வையுங்கள்.