நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ரைடிங் ஜாக்கெட் தேர்ந்தெடுப்பது எப்படி?

பைக் வாங்கியாச்சு, ஹெல்மெட் வாங்கியாச்சு, அடுத்தது ஜாக்கெட். கடைக்குப் போனால் 'ஆல் வெதர்' என்று அட்டை தொங்கும் ஒன்றைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். வெளியே கனமான துணி, நடுவில் மழைக்கு ஒரு லைனர் (கழற்றி மாட்டும் உள்துணி), உள்ளே குளிருக்கு இன்னொரு லைனர். மூன்றையும் ஜிப் போட்டு இணைக்கலாம், கழற்றலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இது குளிர்நாட்டுக்காரர்களுக்கு ஏற்ற ஏற்பாடு. மே மாதம் திருச்சி பைபாஸில் சிக்னலுக்கு நிற்கும்போது அதன் அருமை தெரிந்துவிடும்.

என் கட்சி எளிமையானது. தமிழ்நாட்டில் ஓட்டுபவருக்குக் காற்று புகும் வலைத்துணியில் தைத்த நல்ல மெஷ் ஜாக்கெட் ஒன்றும், அதற்கு மேலே போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு மழை உடுப்பும் போதும். தோல் ஜாக்கெட் உரசலை நன்றாகத் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒருமுறை நனைந்தால் காய நாளாகும், நம் ஈரப்பதத்தில் பூஞ்சையும் பிடிக்கும். அதனால் இங்கே பேசப்போவது துணி ஜாக்கெட் பற்றி மட்டும்தான்.

படி 1: எங்கே, எப்போது ஓட்டுகிறீர்கள்?

கடைக்குக் கிளம்பும் முன் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். வேலூர், கரூர், திருச்சி பக்கம் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். கடற்கரை மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர்தான். அதற்குள் ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏறிவிடுவீர்கள், வெப்பநிலை 12 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் ஊட்டிக்கு வருடத்தில் எத்தனை முறை போவீர்கள்? அந்த இரண்டு மூன்று நாளுக்காக மற்ற நாளெல்லாம் வேகும் ஜாக்கெட்டை வாங்க வேண்டாம். லடாக் போகும் திட்டம் இருந்தால் கணக்கே வேறு.

படி 2: உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள்

ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஜாக்கெட்டுக்கு அப்படி ஒன்று இங்கே இல்லாததால், ஐரோப்பியத் தரமான இ.என். 17092 என்பதைத்தான் பார்க்க வேண்டும். பைக் ஓட்டுபவர் படத்துக்குப் பக்கத்தில் ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்ற வகைகளில் ஒன்று அச்சாகியிருக்கும். தோள், முழங்கை போல அதிகம் உரசும் இடங்களின் துணியை ஏஏஏ வகைக்கு மணிக்கு 120 கி.மீ., ஏஏ வகைக்கு 70, ஏ வகைக்கு 45 வேகத்துக்கு இணையாகக் கான்கிரீட்டில் உரசவிட்டுச் சோதிக்கிறார்கள். அந்த வேகத்தில் விழுந்தால் ஒன்றும் ஆகாது என்று இதற்குப் பொருள் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட உதவும் அளவுகோல், அவ்வளவுதான்.

பி வகையில் உரசல் பாதுகாப்பு உண்டு, ஆர்மர் (அடியைத் தாங்க உள்ளே வைக்கும் பேடு) கட்டாயமில்லை. சி வகை ஆர்மரை அதன் இடத்தில் பிடித்துவைக்கும் உடுப்பு மட்டுமே, துணி உரசலுக்குத் தாங்காது. நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு ஏ போதும். நெடுஞ்சாலை ஏறுபவர் ஏஏ தேடுங்கள். மெஷ் ஜாக்கெட்டிலும் ஏஏ கிடைக்கிறது, கொஞ்சம் தேட வேண்டும். 'சி.இ. ஆர்மர் உள்ளது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் உஷாராகுங்கள். சி.இ. என்பது ஐரோப்பியத் தர முத்திரை. அது உள்ளே இருக்கும் பேடுக்கான சான்று, ஜாக்கெட்டுக்கு இல்லை.

படி 3: ஆர்மரை வெளியே எடுத்துப் பாருங்கள்

கூச்சப்படாமல் பாக்கெட்டிலிருந்து உருவிப் பாருங்கள், நல்ல கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். கை கால் ஆர்மருக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 1621-1, முதுகுக்கு 1621-2. லெவல் 1, லெவல் 2 என்று இரண்டு தரம். கை கால் ஆர்மரில் 50 ஜூல் அடி விழும்போது உடம்புக்குக் கடந்து வரும் விசை, லெவல் 1 என்றால் சராசரியாக 35 கிலோநியூட்டன் வரை இருக்கலாம், லெவல் 2 என்றால் 20 வரைதான். வித்தியாசம் பெரிது, அதனால் முடிந்தவரை லெவல் 2 வாங்குங்கள்.

பலர் கவனிக்காத ஒரு குறி 'டி பிளஸ்'. 40 டிகிரி சூட்டிலும் சோதித்துத் தேறிய ஆர்மர் என்று அர்த்தம். சில மென்மையான ஆர்மர்கள் சூட்டில் இளகி, அடியை வாங்கும் திறன் குறையும். நம் ஊருக்கு இந்தக் குறி முக்கியம்.

முதுகுப் பக்கம் கையை விட்டுப் பாருங்கள். நிறைய ஜாக்கெட்டில் அங்கே இருப்பது வெறும் ஸ்பாஞ்ச், எந்த முத்திரையும் இருக்காது. அப்படியானால் முதுகு ஆர்மர் தனியாக வாங்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

படி 4: துணியும் தையலும்

'600டி' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். டி என்பது டெனியர், 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில். எண் மட்டும் பார்த்துப் பயனில்லை, என்ன நூல் என்று கேளுங்கள். 500 டெனியர் கார்டுரா (வலுவான துணிக்குப் பெயர்போன பிராண்ட்) நைலான், 600 டெனியர் சாதா பாலியஸ்டரைவிட உரசலை நன்றாகத் தாங்கும்.

மெஷ் ஜாக்கெட் என்றால் முழுக்க வலை என்று நினைக்காதீர்கள். தோள், முழங்கை, கையின் வெளிப்புறம் இங்கெல்லாம் கெட்டித் துணி இருக்க வேண்டும். மார்பு, வயிறு, கையின் உட்புறத்தில் வலை இருக்கலாம். கீழே விழுந்து இழுபடும்போது துணிக்கு முன்னால் பிரிவது தையல்தான். முக்கிய இடங்களில் இரட்டைத் தையலாவது இருக்கிறதா என்று உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

படி 5: பைக்கில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்

கண்ணாடி முன் நின்றால் எல்லா ஜாக்கெட்டும் அழகுதான். வெளியே நிற்கும் உங்கள் பைக்கில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். ஜாக்கெட் கையின் நுனி மணிக்கட்டைவிட்டு மேலே ஏறக் கூடாது. தோள் ஆர்மர் தோள் எலும்பின் மேல் தொப்பி மாதிரி உட்கார வேண்டும். முழங்கை ஆர்மரைப் பிடித்துத் திருகுங்கள். சுலபமாகச் சுழன்றால் விழும்போதும் நகர்ந்துவிடும், அப்புறம் லெவல் 2 இருந்து என்ன லாபம்? மேல்கையில் உள்ள வெல்க்ரோ பட்டையை இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள், அப்படியும் சுழன்றால் ஒரு சைஸ் சின்னது கேளுங்கள். ஹெல்மெட்டையும் மாட்டித் தலையைத் திருப்பினால் காலர் இடிக்கிறதா என்பது தெரியும். பெண்கள் ஆண்கள் ஜாக்கெட்டில் சின்ன சைஸ் எடுத்துச் சமாளிக்க வேண்டியதில்லை. பெண்களுக்கென்று வெட்டித் தைத்ததையே கேளுங்கள், இல்லையென்றால் ஆர்மர் சரியான இடத்தில் உட்காராது.

ரைநாக்ஸ், வியாடெர்ரா, ராய்டா போன்ற இந்திய நிறுவனங்களின் ஜாக்கெட்டுகள் நம் உடல்வாகுக்கும் வெயிலுக்கும் ஒத்துப்போகின்றன. வெளிநாட்டுப் பெயருக்காக இரட்டிப்பு விலை கொடுக்கும் அவசியம் ஆரம்பத்தில் இல்லை.

படி 6: மழை உடுப்பு மேலே, உள்ளே வேண்டாம்

உள்ளே மாட்டும் மழை லைனரில் என்ன சிக்கல்? மழை வந்ததும் ஓரமாக நிறுத்தி, கொட்டும் மழையில் ஜாக்கெட்டைக் கழற்றி, லைனரை மாட்டி, திரும்பப் போட வேண்டும். அதற்குள் நனைந்துவிடுவீர்கள். போட்டாலும் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனமாகும், வெளிப் பாக்கெட்டில் உள்ள போனும் பர்ஸும் ஊறும், ஈரத்துணியில் காற்றடித்து உடம்பு நடுங்கும்.

சரி, கோர்டெக்ஸ் போல மழை புகாமல் வியர்வையை மட்டும் வெளியே விடும் சவ்வு? அந்தச் சவ்வு வேலை செய்வது உள்ளே ஈரப்பதம் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசத்தை நம்பித்தான். நவம்பர் மாதச் சென்னையில் வெளியேயும் உள்ளேயும் ஒரே புழுக்கம், ஆவி எங்கே போகும்? நல்ல பொருள்தான், நம் கடற்கரைக்குக் கொடுக்கும் காசுக்குப் பலன் குறைவு.

மேலே போடும் மழை உடுப்பு வாங்கும்போது ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே போய் அதன் மேல் போட்டுப் பாருங்கள். உள்பக்கத் தையல் எல்லாவற்றிலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். முக்கியமாகக் கவட்டைத் தையல். சீட்டில் தேங்கும் தண்ணீர் முதலில் புகும் இடம் அதுதான். ஷூவோடு ஏறும்படி கால் பகுதியில் நீள ஜிப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஷூ மேல் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டி நுழைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். கால் பகுதி சைலன்சரில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், கீழே இறுக்கும் பட்டை இருக்கிறதா பாருங்கள். மழையில் கிளவுஸின் வாயை ஜாக்கெட் கைக்கு உள்ளே விடுங்கள். வெளியே விட்டால் கையில் வழியும் தண்ணீர் நேரே கிளவுஸுக்குள் இறங்கும். நிறம் கறுப்பு வேண்டவே வேண்டாம். மழையில் லாரி டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டும், மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்கள்.

படி 7: வெயிலுக்கு உள்ளாடை

நம் தோலின் சூடு 35 டிகிரி சுற்றி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை மெஷ் சுகமாக இருக்கும். 40ஐத் தாண்டினால் உள்ளே வருவது அனல், வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தண்ணீர் இழப்பதே தெரியாது. இதற்கு உடம்போடு ஒட்டிய முழுக்கை பாலியஸ்டர் பனியன் போடுங்கள். பருத்தி வேண்டாம், ஊறிக்கிடந்து உரசிப் புண்ணாக்கும். பெட்ரோல் பங்கில் நிற்கும்போதெல்லாம் பனியனைத் தண்ணீரில் நனைத்து, மேலே மெஷ் ஜாக்கெட்டின் ஜிப்பை மூடிக்கொண்டு கிளம்புங்கள், ஈரம் காயும்வரை குளுமைதான். வேலூர், திருச்சி மாதிரி வறண்ட வெயிலில் இது அற்புதமாக வேலை செய்யும், கடற்கரையில் அவ்வளவாகச் செய்யாது. வழியில் மோர்ப் பந்தலைக் கண்டால் தாண்டிப் போகாதீர்கள்.

குளிருக்குத் தனியாகச் சொல்ல அதிகமில்லை. மலை ஏறும்போது மெஷ் மேல் அதே மழை உடுப்பைப் போட்டால் காற்று நின்றுவிடும், பாதிக் குளிர் போயிற்று. மார்கழி ஊட்டி என்றால் உள்ளே ஒரு மெல்லிய ஃப்ளீஸ் (கம்பளி போன்ற மென்துணிச் சட்டை) சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: துவைப்பது

ஆர்மரைக் கழற்றி, ஜிப், வெல்க்ரோ எல்லாவற்றையும் மூடி, சாதாரணத் தண்ணீரில் திரவ சோப்பு போட்டுக் கையால் அலசுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது, நீர் ஒட்டாத பூச்சைக் கெடுத்துவிடும். நிழலில் உலர்த்துங்கள், நைலான் வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும். மழை உடுப்பை ஈரத்தோடு மடித்து டேங்க் பேக்கில் வைத்தால் டேப் உரிய ஆரம்பிக்கும், வீட்டுக்கு வந்ததும் கொடியில் போட்டுவிடுங்கள்.