தையல் மெசினை நகர்த்தாதீர்கள்: வீட்டைப் படமெடுக்கும்போது விடும் பிழைகள்

தட்டைக் கொங்கிரீட் கூரை, பூக்கல் (காற்றும் வெளிச்சமும் வரத் துளை வைத்த கல்) சுவர், சோடனையில்லாத நேரான தூண்கள். இப்படி நவீன பாணியில் கட்டிய வீடுகள் வன்னியிலும் உண்டு. படமெடுக்கப் போகிறவர்கள் முதலில் வீட்டை வெறுமையாக்குவார்கள். கொடியில் கிடந்த துணி, பிளாஸ்டிக் கதிரை, தண்ணீர் வாளி எல்லாம் பின்பக்கம் போய்விடும்.

நானும் அப்படிச் செய்தவன். கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் நீளமான யன்னல், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில். முன்னால் இருந்த தையல் மெசினை நகர்த்திவிட்டு எடுத்தேன். பிறகு படத்தைப் பார்த்தால், யன்னல் ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்றே விளங்கவில்லை. மெசின் பலகையில் வைத்த துணிமேல் வெளிச்சம் விழத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். அந்த யன்னலுக்கான காரணத்தையே நான் ஓரமாகத் தள்ளிவிட்டேன்.

ஆட்களை உட்காரவைத்து எடுப்பது பிழையில்லை. 1960இல் ஜூலியஸ் ஷூல்மன், லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு மேலே குன்றில் பியர் கோனிக் வடிவமைத்த கண்ணாடி வீட்டைப் படமெடுத்தார். அதில் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பெண்களும் அந்த வீட்டுக்காரர் இல்லை. கீழே நகரத்து விளக்குகள் பதியச் சில நிமிடங்கள் லென்ஸைத் திறந்துவைத்து, ஃபிளாஷ் அடித்து அவர்களைப் பதிந்தார். ஆனால் இரவில் நகரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து பேசவே கட்டிய அறை அது. அதனால் படம் பொய்யாகத் தெரிவதில்லை. நாங்களோ, பகல் முழுக்கக் குசினிக்கும் கிணற்றடிக்கும் நடக்கிற அக்காவைக் கோப்பையும் புத்தகமுமாக விறாந்தையில் உட்காரவைக்கிறோம். அதைவிட, "அக்கா, வழமையா எத்தனை மணிக்குத் தைக்கிறனீங்கள்?" என்று கேளுங்கள். "வெயில் சாஞ்சாப் பிறகுதான் தம்பி" என்றால், அந்த நேரத்துக்குப் போங்கள்.

நண்பகல் வேண்டாம். சித்திரையிலும் ஆவணியிலும் இங்கே உச்சிவெயில் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்கும். பூக்கல்லின் நிழல் உள்ளே தரையில் விழாது, விறாந்தை இருண்டுவிடும். காலை எட்டு மணிக்கு முன், அல்லது பின்நேரம் நாலரைக்குப் பிறகு சரி. அந்திப் படம் என்றால் சூரியன் மறைந்து இருபது நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். நம் ஊரில் அந்தி நீளாது.

கூரையும் வரவேண்டுமென்று கமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும். வைட் லென்ஸ் போட்டால் பத்தடி அறை கலியாண மண்டபமாகிவிடும். வன்னியில் வளவு பெரிது, படலை வரை பின்னால் போகலாம். ஒரு ஸ்டூலில் ஏறிக் கமராவை மட்டமாகப் பிடியுங்கள்.

அப்புறம், சுவரில் தொங்கும் படங்கள். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். வெறும் சுவர் அழகென்று அவற்றைக் கழற்றச் சொல்லாதீர்கள். கேட்காமல் படத்துக்குள் கொண்டுவரவும் வேண்டாம். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் மாலை போடாத படமும் இருக்கலாம். 2009இல் காணாமல் போனவர் வருவார் என்று இன்னும் காத்திருக்கும் வீடுகள் இங்கே பல. அந்தச் சுவரை எடுக்கலாமா, எடுத்தால் இணையத்தில் போடலாமா என்று, கமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.