கடைசிச் சொல்லைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் இரண்டு பெயர்ச்சொற்கள் ஒட்டி வந்தால் கடைசிச் சொல்லை முதலில் பாருங்கள். பேசப்படும் பொருள் அதுதான். முன்னால் நிற்பது அது எந்த வகை என்று மட்டும் சொல்லும். ‘மில்க் சாக்லேட்’ என்றால் சாக்லேட், ‘சாக்லேட் மில்க்’ என்றால் பால். அப்புறம், முன்சொல் பெரும்பாலும் ஒருமையிலேயே நிற்கும்: ‘ஷூ ஷாப்’, ‘ஷூஸ் ஷாப்’ அல்ல.

நடுவில் ‘ஆஃப்’ வந்துவிட்டால் கதை தலைகீழ். ‘எ பாக்ஸ் ஆஃப் புக்ஸ்’ என்பதில் தலைச்சொல், அதாவது பேசப்படும் பொருள், முன்னால் நிற்கும் பாக்ஸ். அது ஒருமை. ஆகவே வினை ‘இஸ்’. பக்கத்திலேயே புக்ஸ் இருக்கிறதே என்று கை தானாக ‘ஆர்’ எழுதப் போகும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான், கொஞ்சம் நிதானியுங்கள். ஆனால் ‘எ லாட் ஆஃப் புக்ஸ்’ இதற்கு விதிவிலக்கு. அது வெறும் அளவைச் சொல்வதால் அங்கே ‘ஆர்’தான் சரி.