முறை வரும்வரை காத்திருக்கக் குழந்தையைப் பழக்குவது எப்படி?

மூன்று வயதுக் குழந்தை ஊஞ்சலருகே நிற்கிறது. ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளை இறங்குவதாக இல்லை. காத்திருக்கும் குழந்தை முதலில் சங்கிலியைப் பிடிக்கிறது, பிறகு சிணுங்குகிறது, அடுத்த நொடியில் தள்ளிவிடுகிறது. இது நாள்தோறும் தொடர்ந்தால் மற்ற பிள்ளைகள் காய் விட்டுவிடுவார்கள். சேர்ந்து விளையாடும்போதுதான் பேசிப் பழகவும் விட்டுக்கொடுக்கவும் கற்க முடியும் என்பதால், சுயகட்டுப்பாடு மிகவும் தேவைப்படும் குழந்தைக்கே அதைப் பழகும் இடம் இல்லாமல் போகிறது.

இதற்கு 'அடம்' என்று பெயர் வைக்காதீர்கள். உந்துதலை அடக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருப்பது. மூன்று வயதில் அது தொடக்க நிலையில்தான் இருக்கிறது.

குழந்தை கை ஓங்கும்போது அதன் உயரத்துக்குக் குனிந்து, அந்தக் கையை மெல்லப் பிடித்து, தாழ்ந்த குரலில், "உனக்கு இப்பவே ஆடணும், அதனால கோபம் வருது, ஆனா தள்ளக் கூடாது" என்று சொல்லுங்கள். 'ஐந்து நிமிடம் பொறு' என்பது அந்த வயதுக்குப் புரியாது. "இருபது ஆட்டம் எண்ணுவோம், அப்புறம் உன் முறை" என்பது புரியும். இருபது எண்ணி முடித்ததும் ஊஞ்சல் நின்றே ஆக வேண்டும். அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல வண்ணப் பொருள்கள் தருவதாகச் சொல்லிவிட்டு வெறுங்கையுடன் திரும்பிய பெரியவரிடம், பிறகு இனிப்புக்காகக் காத்திருக்கச் சொல்லப்பட்ட குழந்தைகள் சராசரியாக 3 நிமிடமே பொறுத்தார்கள். சொன்னபடி கொண்டுவந்து தந்தவரிடம் 12 நிமிடம் பொறுத்தார்கள். குழந்தையின் பொறுமை நம் வாக்கைப் பொறுத்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வை நான் அறியேன்.

சண்டை இல்லாத நேரத்தில்தான் பயிற்சி கைகூடும். மூச்சை அடக்கி ஒளிந்திருக்க வேண்டிய கண்ணாமூச்சியும், சொல்லைக் கேட்ட பிறகே கால் மாற்றி நிற்க வேண்டிய கல்லா மண்ணாவும் தனியாகப் பாடம் நடத்தாமலே இதைக் கற்றுத் தருகின்றன. காத்திருக்கும்போது குழந்தை, "இன்னும் என் முறை வரல" என்று தனக்குத்தானே முணுமுணுத்தால் அதட்டாதீர்கள். இந்த முணுமுணுப்பே பின்னாளில் மனத்துக்குள் பேசும் பேச்சாகி நடத்தையை வழிநடத்துகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி விளக்கினார்.

அடித்த குழந்தையிடம் உடனே மன்னிப்பைக் கறக்காமல், அழுகை அடங்கியபின் சண்டையில் சரிந்த விளையாட்டுக் கட்டைகளை இருவரும் சேர்ந்து அடுக்கச் செய்யுங்கள். பழம் விடுவது அங்கேயே நடந்துவிடும். பசியிலும் தூக்கத்திலும் எதையும் கற்பிக்க முயல வேண்டாம்.

ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டே இருக்கும் குழந்தையையும் கவனியுங்கள். தயக்கத்தை மீறி முதல் அடி எடுத்து வைப்பதற்கும் இதே சுயகட்டுப்பாடு வேண்டும். அதைக் கூட்டத்துக்குள் தள்ளாமல், ஒரே ஒரு பிள்ளையோடு வீட்டில் விளையாட விடுங்கள். ஐந்து வயதை நெருங்கியும் அடிப்பதோ ஒதுங்குவதோ சற்றும் குறையவில்லை என்றால், குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.