போனி சிலிண்டர்: வாங்கும்போதும் மாட்டும்போதும் நடக்கும் தவறுகள்

"ஆக்டோபஸ்தான் இருக்கிறதே, மாற்றுக் காற்றுக்கு வேறென்ன வேண்டும்?" போனி சிலிண்டர், அதாவது முதன்மைச் சிலிண்டரோடு அவசரத்துக்கென்று கொண்டுபோகும் சிறிய தனிச் சிலிண்டர், விஷயத்தில் பல ஸ்கூபா டைவர்களின் தவறு இந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. ஆக்டோபஸ் என்பது மஞ்சள் ஹோஸில் தொங்கும் கூடுதல் ரெகுலேட்டர், அதாவது வாயில் வைத்துச் சுவாசிக்கும் கருவி; அது காற்று தீர்ந்து உங்களை நோக்கி நீந்தி வரும் கூட்டாளிக்கானது. அதுவும் உங்கள் வாயில் இருப்பதும் சிலிண்டர் வால்வில் மாட்டி அழுத்தத்தைக் குறைக்கும் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வழியாக, ஒரே சிலிண்டரிலிருந்துதான் காற்றெடுக்கின்றன. சிலிண்டர் காலியானால் இரண்டும் சேர்ந்தே நின்றுபோகும். கடுங்குளிர் நீரில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் உறைந்து காற்று கொட்ட ஆரம்பித்தாலும் இதே கதிதான். சில நிமிடங்களில் சிலிண்டரே வெறுமையாகிவிடும்.

மாற்றுக் காற்று என்றால் எல்லாமே தனியாக இருக்க வேண்டும்: சிலிண்டர், ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜ், மிச்ச அழுத்தத்தைக் காட்டும் கேஜ். இரட்டைச் சிலிண்டர், சிலிண்டர்களை உடலின் இருபக்கமும் மாட்டும் சைடுமவுண்ட் எனப் பெரிய வழிகளும் உண்டு, ஆனால் அவற்றுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். பொழுதுபோக்காக டைவ் செய்பவருக்குப் போனி சிலிண்டர் போதும். ஆழம் 10 மீட்டர்தான், நல்ல கூட்டாளியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார் என்றால் அதுகூடக் கட்டாயமில்லை.

அடுத்த தவறு அளவில். கையில் தூக்கிப் பார்த்து, "இது சின்னதாக, வசதியாக இருக்கிறது" என்று வாங்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும், அதுவும் பதற்றத்தில் விடும் மூச்சை வைத்து. நிதானமாக நீந்தும் ஒருவர் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் காற்று இழுப்பார். பயந்துவிட்டால் 30, 40 லிட்டர்கூட ஆகும்.

30 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 பார், மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு, காற்றும் அதே மடங்கு செலவாகும். ரெகுலேட்டரை மாற்றி, நிலைமை புரிந்து, கூட்டாளிக்குச் சைகை காட்ட ஒரு நிமிடம் போனால் 120 லிட்டர் காலி. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம் வரை ஏற ஏறக்குறைய 3 நிமிடம், அதற்குச் சுமார் 250 லிட்டர். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அங்கே நிற்கும் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு 135. மிச்சமுள்ள 5 மீட்டருக்கு 20, 25. ஆக மொத்தம் 530 லிட்டரைத் தொடுகிறது.

இப்போது கடையில் இருப்பவற்றைப் பாருங்கள். 3 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் 600 லிட்டர், சரியாக இருக்கும். 19 கன அடிச் சிலிண்டரில் சுமார் 540, விளிம்பில் நிற்கிறது. 13 கன அடியில் சுமார் 370தான், மட்டுமட்டாக மேலே வந்துவிடலாம், ஆனால் பாதுகாப்பு நிறுத்தத்தை விட வேண்டியிருக்கும். உள்ளங்கையில் அடங்கும் 3 கன அடி வகையில் வெறும் 85 லிட்டர். 30 மீட்டரில் அது முக்கால் நிமிடம்கூட வராது. இத்தனை மூச்சு வரும் என்று அதற்குச் சொல்லப்படும் எண்ணிக்கை மேற்பரப்பில் விடும் மூச்சுக்கானது என்பதையும் மறக்க வேண்டாம். 10 மீட்டருக்குள் அது கைகொடுக்கும், அதற்குக் கீழே நான் நம்பமாட்டேன்.

மாட்டும் விதத்திலும் பிழைகள் உண்டு. முதுகில் பெரிய சிலிண்டரோடு சேர்த்துக் கட்டினால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் வால்வு கைக்கு எட்டாது, கேஜ் கண்ணுக்குத் தெரியாது, அவசரத்தில் கழற்றி இன்னொருவரிடம் கொடுக்கவும் முடியாது. இடப்பக்கம், தோள்பட்டையிலும் இடுப்பிலும் உள்ள டி வளையங்களில் கொக்கி போட்டுத் தொங்கவிடுவது நல்லது. வால்வு அக்குளுக்குக் கீழே, கை தானாகப் போகும் இடத்தில் இருக்கும்.

வால்வைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா? இதில் டைவர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் உண்டு. திறந்திருந்தால் ரெகுலேட்டரில் காற்றைப் பீய்ச்ச வைக்கும் பர்ஜ் பொத்தான் எதிலாவது அழுந்திக் காற்று கசியலாம். மூடியிருந்தால் ஹோஸில் நிற்கும் காற்று ஓரிரு மூச்சுக்குத்தான் வரும், அதற்குள் வால்வைத் தேடித் திருக வேண்டும். ஆழத்தில் தவறான வாயுவைச் சுவாசித்துவிடக் கூடாது என்பதற்காகப் பல வாயுக் கலவைகளோடு இறங்கும் டெக்னிகல் டைவர்கள் மூடி வைக்கிறார்கள். திடீரென்று காற்று நின்றால் உடனே எடுக்கத்தான் போனி. அதனால் திறந்து வைத்து, அவ்வப்போது கேஜைப் பார்ப்பதே என் கட்சி. தண்ணீரில் இறங்கும் முன் கேஜைப் பார்த்தபடியே நான்கைந்து மூச்சு இழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே இறங்கினால் வால்வு மூடியிருக்கிறது, அல்லது அரைகுறையாகத் திறந்திருக்கிறது.

ஆபத்தான இன்னொரு குழப்பம், போனியின் ரெகுலேட்டரையே வாயில் வைத்துக்கொண்டு இறங்கிவிடுவது. முதன்மைக் கேஜ் அசையாமல் 200 பாரிலேயே நிற்கும், டைவருக்கோ "இன்று நம் மூச்சு பிரமாதம்" என்ற திருப்தி. பத்துப் பதினைந்து நிமிடத்தில், கீழே, காற்று பட்டென்று நிற்கும். இரண்டு செகண்ட் ஸ்டேஜும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் இது யாருக்கும் நடக்கும். போனிக்கு வேறு வடிவ மவுத்பீஸ் போடுங்கள், இருட்டிலும் பல் கண்டுபிடித்துவிடும். ரெகுலேட்டரை மீள்கயிற்றில் கோத்துக் கழுத்தோடு தாடைக்குக் கீழே நிறுத்துங்கள். தொங்கவிட்டால் மணலில் புரண்டு வரும்.

போனியில் இருக்கும் காற்றை டைவ் திட்டத்தில் சேர்த்துக் கணக்கிடுவதும் தவறு. "அதுதான் இருக்கிறதே" என்று பெரிய சிலிண்டரில் மிச்சம் வைக்க வேண்டியதையும் குடித்துவிட்டால், போனி கூடுதல் காற்றாகிவிடும், மாற்றுக் காற்றாக இருக்காது. ஆக்ஸிஜன் கூடுதலாகச் சேர்த்த காற்றான நைட்ராக்ஸ் விஷயத்திலும் கவனம், ஆழம் மிஞ்சினால் அந்த ஆக்ஸிஜனே நஞ்சாகலாம். 36 சதவீத ஆக்ஸிஜன் கலவையை 1.4 பார் ஆக்ஸிஜன் அழுத்த வரம்போடு கொண்டுபோகக்கூடிய ஆழம் சுமார் 28 மீட்டர்தான். போனியில் சாதாரணக் காற்றே இருந்தால் 40 மீட்டர் வரையிலான பொழுதுபோக்கு டைவ் எதற்கும் யோசிக்க வேண்டியதில்லை.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது போனியின் ரெகுலேட்டரை வீட்டிலேயே விட்டுவிடுபவர்கள் உண்டு. "ஒருநாளும் பயன்படுத்தவில்லையே" என்பார்கள். உப்பு அதைக் கேட்பதில்லை.

ஆழமில்லாத நீரில் கண்ணை மூடிக்கொண்டு ரெகுலேட்டரை மாற்றிப் பழகுங்கள். பிறகு ஒருமுறை கூட்டாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனியில் மட்டுமே சுவாசித்து 15 மீட்டரிலிருந்து ஏறிப் பாருங்கள். எவ்வளவு பார் செலவானது என்று குறித்தால் மேலே போட்ட கணக்கில் உங்கள் சொந்த எண் கிடைக்கும். பயிற்சியில் செலவான காற்றை அன்றே நிரப்பிவிடுங்கள். பாதி காலியான போனியோடு அடுத்த டைவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பயிற்சியை ஒழுங்காகச் செய்தவர்கள்தான்.