பழைய பிக்கப்பில் வழுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் அறிமுகப்படுத்திய 700ஆர்4 என்னும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கும், அதன் மின்னணு வடிவமாக 1993 முதல் பிக்கப்புகளில் இடம்பெற்ற 4எல்60-இ-யும், அமெரிக்கச் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான பழைய செவ்ரலே, ஜிஎம்சி வண்டிகளின் அடியில் இருக்கின்றன. இவை வழுக்கத் தொடங்கியதும் உரிமையாளர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: ஒரு புட்டி மருந்தை ஊற்றிப் பார்க்கிறார்கள், அல்லது கியர்பாக்ஸையே இறக்கி வைத்துவிடுகிறார்கள். எந்தக் கியரில், எந்தச் சூட்டில், எவ்வளவு சுமையில் வழுக்குகிறது என்று பார்க்காமல் இவற்றில் எதைச் செய்தாலும் அது குருட்டாம்போக்குதான்.

முதலில், வழுக்கல் என்று சொல்லப்படுவதெல்லாம் வழுக்கல் அல்ல. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஆர்பிஎம் முள் விர்ரென்று ஏறி, வண்டியின் வேகம் அதற்கேற்ப ஏறாமல் நின்றால்தான் அது உண்மையான ஸ்லிப். முள்ளும் ஏறாமல் வண்டியும் இழுக்காமல் திணறினால், குற்றவாளி பெரும்பாலும் எஞ்சின்: ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இருக்கலாம், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைபட்டிருக்கலாம். தேய்ந்துபோன ஸ்பார்க் பிளக்குக்காக நல்ல கியர்பாக்ஸைப் பிரிப்பதைவிட வீண்செலவு வேறில்லை.

அடுத்த தவறு, 'கியர்பாக்ஸ் ஸ்லிப் ஆகிறது' என்று மொத்தமாகச் சொல்லி நிறுத்திவிடுவது. இந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு கியருக்கும் எந்தெந்த உறுப்பு பிடிக்க வேண்டும் என்பது திட்டவட்டமானது என்பதால், வழுக்கும் கியரே பழுதான உறுப்பைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். முதல் கியரில் ஃபார்வர்ட் கிளட்ச் பிடிக்கிறது. இரண்டாவதில் அதனுடன் 2-4 பேண்ட் என்னும் இறுக்கிப் பிடிக்கும் பட்டை சேர்கிறது. மூன்றாவதில் பேண்ட் விட்டு 3-4 கிளட்ச் பிடிக்கிறது. நான்காவதில் 3-4 கிளட்ச்சும் பேண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆகவே முதலும் இரண்டும் ரிவர்ஸும் நன்றாக இருந்து, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் எஞ்சின் நியூட்ரலில் இருப்பதுபோல் அலறினால், இவ்வகைக் கியர்பாக்ஸ்களின் பேர்போன பலவீனமான 3-4 கிளட்ச் கருகிவிட்டது என்று கொள்ளலாம். இரண்டிலும் நான்கிலும் மட்டும் வழுக்கினால் பேண்டையும் அதை அழுத்தும் சர்வோவையும் பார்க்க வேண்டும். முதலும் மூன்றும் இருக்க, இரண்டும் நான்கும் ரிவர்ஸும் ஒரேயடியாகக் காணாமற்போனால், உள்ளே சன் ஷெல் என்னும் இரும்புக் கூடு உடைந்திருக்கும். அது எந்த ஆயிலாலும் ஒட்டப்போவதில்லை. எல்லாக் கியரிலும் ஒருசேர வழுக்கல் இருந்தால் மட்டுமே ஆயில் அளவு, ஃபில்டர், பம்ப், அழுத்தம் ஆகியவற்றை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சூட்டையும் சேர்த்துக் கவனிப்பது நல்லது. காலையில் டிரைவில் போட்டவுடன் பிடிக்காமல் தாமதித்து, சூடேறியபின் சரியாகிவிட்டால், உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் வயதாகி இறுகிவிட்டதன் அறிகுறி அது. அதற்கு நேர்மாறாக, குளிரில் ஒழுங்காக ஓடி அரைமணி நேரத்துக்குப் பின் வழுக்கினால், சூட்டில் இளகிய ஆயில் தேய்ந்த பம்ப் வழியாகவோ, ஆயிலை உரிய கிளட்ச்சுக்குத் திருப்பிவிடும் வால்வு பாடி வழியாகவோ கசிகிறது என்று ஊகிக்கலாம்.

ஆயில் அளவைப் பார்ப்பதில் நேரும் பிழை எளியது, ஆனால் எங்கும் காணப்படுவது. எஞ்சின் ஆயிலைப் போல வண்டியை நிறுத்தி வைத்துப் பார்ப்பவர்கள் தவறான அளவையே படிக்கிறார்கள். ஜிஎம் பிக்கப்பை நன்றாக ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி, லீவர் 'பார்க்' நிலையில் இருக்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். பழைய டாட்ஜ் பிக்கப்புகளில் இதையே நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினாலோ சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். இரண்டின் விளைவும் வழுக்கலே. டிப்ஸ்டிக்கில் ஆயில் பாலில் கலந்த ரோஜா நிறமாகத் தெரிந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகிக் கூலண்ட் கலந்துவிட்டது என்று பொருள். அந்த நீர் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பட்டையை ஒட்டியிருக்கும் பசையைக் கரைத்துவிடும் என்பதால், அப்படிப்பட்ட வண்டியை ஒரு மைல் கூட ஓட்டக் கூடாது.

ஆயில் வகையைக் 'கியர் ஆயில் தானே' என்று எண்ணிக் கைக்குக் கிடைத்ததை ஊற்றுவதும் தவறு. 4எல்60-இ-க்கு டெக்ஸ்ரான் 3 விதிக்கப்பட்டிருந்தது. 2005இல் வந்த டெக்ஸ்ரான் 6 அதற்கு மாற்றாகப் பொருந்தும். கிரைஸ்லர் கியர்பாக்ஸுக்கு ஏடிஎஃப்+4, பழைய ஃபோர்டு பெட்டிகள் சிலவற்றுக்கு டைப் எஃப் என ஒவ்வொன்றின் உராய்வுக் குணமும் வேறு. வழுக்கலை நிறுத்துவதாகச் சொல்லி விற்கும் புட்டிகள் பெரும்பாலும் சீலை ஊதிப் பெரிதாக்குபவை. இறுகிய சீலில் சில வாரங்களுக்குப் பலன் தெரியலாம். கருகிய கிளட்ச்சுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

புது ஆயில் ஊற்றியதால்தான் வண்டி படுத்துவிட்டது என்ற புகாரையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஏற்கெனவே வழுக்கும் வண்டிக்குக் கடைசி முயற்சியாக ஆயில் மாற்றிவிட்டு, அது நின்றதும் ஆயிலைக் குற்றம் சொல்வதே பெரும்பாலும் நடக்கிறது. ஆயினும் அழுக்கு நிறைந்த பெட்டியில் இயந்திர அழுத்தத்தால் முழுவதையும் கழுவி இறக்குவது தேவையற்ற துணிச்சல். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தகட்டுத் தொட்டியான 'பான்' என்பதைக் கழற்றி அதில் வரும் சுமார் 5 லிட்டரை மட்டும் மாற்றுவதே போதுமானது.

பானைக் கழற்றும்போதுதான் கண்ணுக்குத் தெரியும் சான்றுகள் கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் துடைத்துப் போட்டுவிடுபவர்களே அதிகம். காந்தத்தில் படிந்திருக்கும் மெல்லிய சாம்பல்நிறக் குழம்பு இயல்பான தேய்மானம். விரல்களுக்கிடையே நெருடும் இரும்புச் செதில்களும், பித்தளை நிறத்தில் மின்னும் துகள்களும், கறுப்பான உராய்வுப் பொடி அடியில் மண்டியிருப்பதும் வேறு செய்தி. பானில் ஒரு பிளாஸ்டிக் மூடி கிடந்தால் பதற வேண்டாம்: தொழிற்சாலையில் டிப்ஸ்டிக் குழாயைச் செருகும்போது உள்ளே தள்ளிவிட்ட அடைப்பு அது, அந்தப் பான் இதுவரை திறக்கப்படவே இல்லை என்பதற்குச் சாட்சி.

ஃபில்டரை மாற்றும்போது அதன் கழுத்தைப் பிடிக்கும் சீல் பம்பின் துளைக்குள்ளேயே தங்கிவிடுவது உண்டு. அதைக் கவனிக்காமல் புதிய சீலுடன் புதிய ஃபில்டரை மேலே அழுத்தினால் அது முழுதாக உட்காராது; பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும்; நேற்றுவரை நன்றாயிருந்த வண்டி சர்வீஸுக்குப் பின் வழுக்கத் தொடங்கும். பழைய சீலைத் துளையின் சுவரைக் கீறாமல் நெம்பி எடுத்த பிறகே புதியதைத் தட்டிப் பொருத்த வேண்டும். ஆழமான பானுக்கும் ஆழமற்ற பானுக்கும் ஃபில்டர் வேறு வேறு என்பதால், பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். பான் போல்ட்டுகளுக்கு 11 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். கசிவுக்குப் பயந்து இறுக்கினால் தகட்டு விளிம்பு வளைந்து, அதன் பிறகுதான் கசிவே ஆரம்பிக்கும்.

700ஆர்4 உள்ள வண்டியில் மன்னிக்கவே முடியாத தவறு ஒன்று உண்டு. த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் த்ராட்டில் வால்வு (டிவி) கேபிளை, முழுதாக மிதிக்கும்போது கியரைக் குறைக்கும் வெறும் கிக்டவுன் கேபிள் என்று நினைத்துக் கழற்றிவிடுவதோ, கார்பரேட்டரை மாற்றியபின் எப்படியோ கட்டிவிடுவதோதான் அது. அந்தக் கேபிள் கியர் மாறும் நேரத்தை மட்டுமல்ல, கிளட்ச்சுகளைப் பிடிக்க வைக்கும் ஆயில் அழுத்தத்தையும் தீர்மானிக்கிறது. அது தளர்ந்திருந்தால் கியர்கள் சீக்கிரமாகவும் மெத்தென்றும் மாறும்; ஓட்டுபவருக்கு அது சுகமாகக்கூட இருக்கும்; உள்ளே 3-4 கிளட்ச் கருகிக்கொண்டிருக்கும். சரிசெய்வது கடினமல்ல: எஞ்சினை நிறுத்திவிட்டு, கேபிள் முனையிலுள்ள பொத்தானை அழுத்தி, நகரும் பகுதியை முழுவதும் பின்னுக்குத் தள்ளி விட்டுவிட்டு, த்ராட்டில் லீவரைக் கையால் முழுதாகத் திறந்தால் அது தானே உரிய இடத்தில் அமரும். வேறு நிறுவனத்தின் கார்பரேட்டர் என்றால் லீவரின் இழுப்புத் தூரம் பொருந்துவதற்கு உரிய பிராக்கெட்டும் வேண்டும்.

4எல்60-இ-யில் கேபிள் இல்லை. கம்ப்யூட்டர் அழுத்தச் சாலினாய்டு என்னும் மின்காந்த வால்வின் மூலம் அதே வேலையைச் செய்கிறது. மின்னோட்டம் குறையக் குறைய அழுத்தம் கூடும்படி அது அமைக்கப்பட்டிருப்பதால், வயர் அறுந்தால் அழுத்தம் உச்சத்துக்குப் போய்க் கியர்கள் முரட்டுத்தனமாக இடிக்கும், வழுக்காது. இது தெரியாமல் வழுக்கலுக்கு வயரிங்கைத் தேடுவோர் உண்டு. ஃபியூஸ் போய் மின்சாரம் முற்றிலும் நின்றால் வண்டி மூன்றாம் கியரிலேயே கிளம்பும். அந்த மந்தமான கிளம்பலை ஸ்லிப் என்று தவறாகப் படித்துவிடக் கூடாது.

1996க்குப் பிந்தைய வண்டிகளில் கம்ப்யூட்டரில் பி1870 என்ற கோளாறுக் குறியீடு வந்தால், அதன் விளக்கத்தில் 'ஸ்லிப்' என்ற சொல்லைக் கண்டதுமே முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அங்கே தேய்ந்திருப்பது வால்வு பாடியில், எஞ்சினைக் கியர்பாக்ஸோடு ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் லாக்கப்பை இயக்கும் வால்வின் துளைதான். நெடுஞ்சாலையில் நான்காம் கியரில் சீராகப் போகும்போது பிரேக் விளக்கு எரியுமளவு மட்டும் பெடலைத் தொட்டால், லாக்கப் விட்டு ஆர்பிஎம் சற்று ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் லாக்கப் முதலிலேயே பிடிக்கவில்லை. அத்துளையைக் குடைந்து பெரிய வால்வு போடுவது, பெட்டியைப் புதுப்பிக்கும் செலவில் சிறு பகுதியே.

பெட்டியின் இடப்பக்கத்தில் லீவர் தண்டுக்கு மேலே உள்ள துளையில் 300 பிஎஸ்ஐ வரை காட்டும் ஆயில் அழுத்தக் கேஜை மாட்டிப் பார்க்காமல் பிரிக்கச் சம்மதிப்பதும் அவசரமே. அழுத்தம் சரியாக இருந்து ஒரு கியரில் மட்டும் வழுக்கினால் கோளாறு அந்த கிளட்ச்சில் அல்லது அதன் சீலில். அழுத்தமே குறைவென்றால் பம்பிலோ ஃபில்டரிலோ. மாறாக, பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும் ஸ்டால் சோதனையை வழுக்கும் பெட்டியில் செய்வது, மிச்சமிருக்கும் உராய்வுப் பட்டையையும் எரித்துவிடும்.

புதுப்பித்த பெட்டியைப் பொருத்தும்போது பழைய டார்க் கன்வெர்ட்டரையும் கழுவாத கூலரையும் அப்படியே விட்டால், முந்தைய பெட்டியின் இரும்புத் துகள்கள் புதியதற்குள் குடிபுகும். கன்வெர்ட்டரைச் சுழற்றிச் சுழற்றிப் பம்பின் பல்லில் முழுதாக உட்கார வைத்த பின், போல்ட் போடுவதற்கு முன் அதற்கும் எஞ்சினின் பின்முனையில் அது பொருந்தும் தகடான ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் பெட்டியை எஞ்சினோடு போல்ட்டால் இழுத்துச் சேர்த்தால், முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்குள்ளேயே பம்ப் உடைந்திருக்கும்.